சங்கத் தலைவர் இன்னொரு சங்கத் தலைவரிடம் மனம்விட்டுப் பேசலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சண்முகநதி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழனிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பள்ளி நடத்தும் சங்கத்துக்கு ஆறு மாதமாக நான்தான் தலைவர். 46 பிள்ளைகள், 14 பணியாளர்கள், செயற்குழுவில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். என் மகன் அங்கே படித்தவன். பெற்றோர் பிரதிநிதியாக உள்ளே போன என்னைப் போன பொதுக்குழுவில் தலைவராக்கிவிட்டார்கள்.

எனக்கு முன்னால் 24 வருஷம் தலைவராக இருந்தவர் பள்ளியை ஆரம்பித்த டீச்சரம்மா. முட்டிவலி தாங்காமல் அவரே விலகிக்கொண்டார். என் பையன் தன் கையால் சோறு அள்ளிச் சாப்பிடக் கற்றுக்கொண்டதே அவரிடம்தான், அதனால் அவர் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது கூட்டத்தில் நான் எதை எடுத்தாலும், வேன் இன்சூரன்ஸ் கட்டுவதாக இருந்தாலும் சரி, யாராவது ஒருத்தர் "டீச்சரம்மாகிட்ட கேட்டாச்சா?" என்கிறார். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

என் இரண்டாவது கூட்டத்தன்று தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைய தேதி போட்ட பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது, அடியில் மட்டும் ஏழு பேர் கையெழுத்து, ஒன்று பச்சை மையில், மற்றதெல்லாம் நீலம். அதற்கும் கீழே "தலைவர்" என்று பென்சிலில் எழுதி இடம் விட்டிருந்தார்கள். கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. செயலாளரிடம் கேட்டால் "எப்பவும் இப்படித்தான் மேடம், முடிஞ்சதும் நான் எழுதிடுவேன்" என்றார். அவர் டீச்சரம்மாவின் மருமகன், சங்கத்தில் சம்பளமும் வாங்குகிறார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இதை யாரிடம் பேசுவது? செயற்குழுவில் ஒருத்தரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் கட்சி கட்டுகிறேன் என்பார்கள். ஆடிட்டர் நல்லவர், ஆனால் படிவம், கடைசித் தேதி, அதோடு சரி. வீட்டில் "விட்டுட்டு வந்துடு" என்கிறார்கள். போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சியில் பார்வையற்ற மாணவர் விடுதி நடத்தும் டிரஸ்டின் தலைவர் ஒருவரைப் பார்த்தேன், அவரும் பதவிக்குப் புதுசு. "மாசம் ஒரு தடவை நாம ரெண்டு பேரும் பேசிக்கலாமே மேடம், ஒருத்தருக்கொருத்தர் வழித்துணையா இருக்கும்" என்றார்.

இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா? சங்கத்து விவகாரத்தை வெளியே கொண்டுபோனதாக ஆகாதா? இரண்டு பேருமே புதுசு என்றால், நீச்சல் தெரியாத இருவர் கைகோத்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிற மாதிரி ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பொருநை:

அம்மா, அந்தப் பென்சில் எழுத்தைப் படித்ததும் என் முதல் வருஷம் அப்படியே கண் முன்னால் வந்தது. நான் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள், திருநெல்வேலியில் ஒரு முதியோர் இல்லத்து அறக்கட்டளைக்கு ஏழு வருஷமாகத் தலைவர். கிளையில் இருந்தபோது ஒரு சிக்கல் என்றால் வட்டார அலுவலகத்துக்குப் போன் போடலாம், திட்டினாலும் வழி சொல்வார்கள். இங்கே எனக்கு மேலே யாரும் கிடையாது. இல்லத்து மேலாளரிடம் புலம்பினால் அவர் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார், சக டிரஸ்டிகளிடம் சொன்னால் அவர்களும் அந்தச் சிக்கலுக்குள்ளேயே இருப்பவர்கள்.

2022ல் தூத்துக்குடியில் புற்றுநோயாளிகள் தங்கும் காப்பகம் நடத்தும் அறக்கட்டளையின் தலைவரோடு பழக்கமானேன். அப்போதிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் அங்கிருந்து கிளம்புவார், நான் இங்கிருந்து, இரண்டு ஊருக்கும் நடுவில் வல்லநாட்டில் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் உட்காருவோம். முதல் அரைமணி அவருக்கு, அடுத்த அரைமணி எனக்கு. ஒருவர் பேசும்போது மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். "நான் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் ஒழிய யோசனை சொல்லக் கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது, ஏனென்றால் வங்கியில் இருந்த காலம் முழுக்க யோசனை சொல்வதுதான் என் வேலை.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூன்றாவது சந்திப்பில் நான் ஒரே குறைப்பாட்டு: எங்கள் டிரஸ்டிகள் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் நானே பேச வேண்டியிருக்கிறது என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போன கூட்டத்துல நீங்க எத்தனை நிமிஷம் பேசினீங்க மேடம்?" என்றார். தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, நான் பேசும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அஜெண்டா தாள் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். 90 நிமிஷக் கூட்டத்தில் 58 கோடு. அதற்கு அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்களில் குறைவாகப் பேசும் ஒரு ஓய்வுபெற்ற செவிலியரை முதலில் பேசச் சொன்னேன். இரவில் ஒரே ஒரு ஆயாதான் இருக்கிறார், கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருக்கிறது, போன மழைக்காலத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு வருஷமாக அந்தம்மா இதைச் சொல்ல இடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரவுக்கு இன்னொரு ஆளும், கைப்பிடிக் கம்பியும், ஒரே மாதத்தில் போட்டோம்.

வெளியே சொன்னதாக ஆகாதா என்று கேட்டீர்கள். பணியாளர் பெயர், இல்லத்தில் இருப்பவர் பெயர், கொடையாளர் பெயர் இந்த மூன்றும் எங்கள் வாயில் வராது, எந்தத் தாளையும் எடுத்துப் போக மாட்டோம். அப்புறம் முக்கியமானது, இரண்டு பேருமே எங்கள் குழுவில் இதைச் சொல்லி, ஒரு வரித் தீர்மானமாகப் பதிந்துவிட்டோம். மறைத்துச் செய்தால்தான் அது பிறகு பிரச்சினையாக வரும். ஒரு வருஷம் என்று பேசித்தான் தொடங்கினோம். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் "தொடரலாமா?" என்று கேட்டுக்கொள்கிறோம், அப்போதுதான் நிறுத்த நினைப்பவருக்கும் சங்கடம் இருக்காது.

இரண்டு பேரும் புதுசாக இருப்பதில் பெரிய தோஷம் இல்லை. புத்தக விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அடுத்த கூட்டத்தில் போன கூட்ட நடவடிக்கையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், எல்லோரும் சரி என்ற பிறகு கையெழுத்து. யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, "இனி இப்படிச் செய்வோம்" என்றால் போதும்.

கொரட்டூர்க்காரன்:

அக்கா சொன்னதைப் படிக்க நிறைவாக இருந்தது. எனக்கு நடந்தது வேறு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் மேடம்.

சென்னையில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. அதே வேலையை நாலு தெரு தள்ளிச் செய்யும் இன்னொரு டிரஸ்டின் தலைவரோடு நானும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தேன், நல்ல மனிதர். ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்கு நாங்கள் என்ன மாதிரி திட்டம் தரப்போகிறோம், ஒரு பிள்ளைக்கு என்ன செலவு காட்டப்போகிறோம் என்றெல்லாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர்களும் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள், எங்களைவிடக் குறைவான தொகைக்கு. அவர் வேண்டுமென்று செய்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை, ஆனால் அந்த நட்பு அதோடு போய்விட்டது. அதனால் ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே கொடையாளர் என்றால் வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கிடைத்தவர் விடுதி நடத்துபவர், வேறு துறை, அது நல்லது. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான கொடையாளர் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சட்ட விஷயத்தை அவரிடம் கேட்காதீர்கள். 2023ல் "சின்ன டிரஸ்டுக்கெல்லாம் 10பிடி போட வேண்டியதில்லை" என்று இதே நண்பர் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். நன்கொடையாளர் பட்டியலான அந்தப் படிவத்தை மே 31க்குள் ஏற்ற வேண்டும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு வைத்திருப்பவர்களில் சின்னவர் பெரியவர் என்ற பேதமெல்லாம் இல்லை. எங்கள் ஆடிட்டர் ஜூலை 10ல்தான் கவனித்தார். நாளுக்கு 200 ரூபாய் வீதம் 40 நாளுக்கு 8,000 ரூபாய் தாமதக் கட்டணம். அதைவிட வருத்தம், அது ஏறாமல் நன்கொடையாளருக்குச் சான்றிதழ் எடுக்க முடியவில்லை, மாசம் 500 ரூபாய் அனுப்பும் ஓய்வூதியக்காரர்கள் வரிக் கணக்குக்காகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உங்கள் செயலாளர் சம்பளத்தையும் ஆடிட்டரிடமே கேளுங்கள். நிறுவியவரின் உறவினருக்குச் சம்பளம் தருவதே தப்பு என்று வருமான வரிச் சட்டம் சொல்லவில்லை. செய்யும் வேலைக்கு நியாயமான அளவைத் தாண்டினால்தான் வரிவிலக்கில் சிக்கல் வரும். அந்த நியாயம் எவ்வளவு, எந்தத் தீர்மானத்தில் அது இருக்கிறது, இதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

லண்டன்வாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இங்கே லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் அறங்காவலர் குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய இடம், பிறகுதான் அது ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளை, அதற்குக் கணக்கு, சட்டம், பொறுப்பு எல்லாம் இருக்கிறது என்று விளங்கியது.

நாங்கள் இருவராக இல்லாமல் ஆறு தலைவர்கள் ஒரு குழுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இணையவழி கதைக்கிறோம். ஒருவர் உணவு வங்கி, ஒருவர் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் அமைப்பு, இப்படி எல்லோரும் வேறு வேறு. இந்த முறைக்கு இங்கே பழைய வேர் உண்டு. 1940களில் பிரிட்டனின் நிலக்கரித் தொழிலில் பயிற்சிப் பொறுப்பில் இருந்த ரெக் ரெவன்ஸ் என்பவர், சுரங்க மேலாளர்களை வகுப்பில் இருத்திப் பாடம் நடத்துவதைவிட, அவர்களே சிறு குழுவாகக் கூடித் தங்கள் தங்கள் சுரங்கத்தின் சிக்கலை ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக் கற்பதுதான் பலன் தரும் என்று கண்டார். இன்றைக்கும் அதே கட்டுப்பாடுதான்: ஒருவர் பத்து நிமிடம் தன் சிக்கலைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும். "ஏன் நீங்கள் இப்படிச் செய்து பார்க்கக் கூடாது?" என்று கேட்டால் அது கேள்வி வேடம் போட்ட புத்திமதி என்று உடனே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் பொருளாளர் பதினொரு வருடமாக அதே பொறுப்பில் இருந்தார், வங்கி விடயம் முழுக்க அவர் கையில். நான் அவரை அதிகாரத்தை விடாதவர் என்று நினைத்துக்கொண்டு எப்படி விலக்குவது என்று அந்தக் குழுவில் கேட்டேன். உணவு வங்கிக்காரப் பெண் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கணக்கைத் தவிர வேறு எதையாவது அவரோடு கடைசியாக எப்போது கதைத்தனீங்கள்?" அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். மனைவிக்கு இரண்டு வருடமாகச் சுகமில்லை, கணக்கைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று அவரே தவித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று அவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடிக்க எனக்குத் தொண்டை இறங்கவில்லை.

நீங்கள் நிறுவியவர் பற்றிச் சொன்னது இங்கேயும் பெரிய விடயம்தான். 1996ல் தொடங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற சிறுவர் அமைப்பு 2015 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, அறங்காவலர்கள் நிறுவனரைத் தட்டிக் கேட்கவில்லை என்று நாடாளுமன்றக் குழு கடுமையாக எழுதியது. 2021ல் உயர் நீதிமன்றம் அந்த அறங்காவலர்களைத் தகுதி நீக்கம் செய்ய மறுத்தது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் அவர்கள் கெட்டவர்கள் அல்லர், சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள். 2017ல் வந்த அறக்கட்டளை நெறிமுறை, ஒன்பது ஆண்டுக்கு மேல் ஒருவர் அறங்காவலராகத் தொடர்வதென்றால் அதைக் கவனமாகப் பரிசீலிக்க வேண்டும் என்றது. 24 வருடம் இருந்த ஒருவருக்குப் பின்னால் வந்து இருப்பது லேசான காரியம் இல்லை தங்கச்சி. உங்களுக்குப் பாரமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

நொய்யல்கரை:

நான் மறுபக்கத்தில் இருந்து எழுதுகிறேனுங்க. கோவையில் 17 வருஷம் நான் ஆரம்பித்த அறக்கட்டளைக்குத் தலைவராக இருந்து, பிறகு என்னைவிட இருபது வயது சின்னவரிடம் கொடுத்தவன். அதாவது உங்கள் டீச்சரம்மா மாதிரி.

புதுத் தலைவர் வெளியாள் ஒருவரிடம் மாதாமாதம் போய்ப் பேசுகிறார் என்று எனக்கு மூன்றாம் ஆள் மூலம் தெரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னைக் கேட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேனா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று மனசு கொதித்தது. இரண்டு வாரம் அலுவலகப் பக்கமே போகவில்லை. அப்புறம் அவரே வீட்டுக்கு வந்தார். "ஐயா, உங்ககிட்ட கேட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்க, நான் அப்படியே செஞ்சுடுவேன். நானா யோசிக்கப் பழகணும், அதுக்குத்தான் அவர்கிட்ட போறேன்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதனால் டீச்சரம்மாவுக்கு உங்கள் வாயால் முதலில் சொல்லுங்கள், மற்றவர்கள் காதில் போட்டு அவருக்கு எட்டுவதற்கு முன்னால். போகும்போது அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒன்றையும் கேளுங்கள். என்னிடம் புதுத் தலைவர், எங்கள் அறக்கட்டளைக்கு முதன்முதலில் இடம் கொடுத்தவர் ஏன் கொடுத்தார் என்று கேட்டார், அந்தக் கதையைச் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து குழுவில் யாராவது "ஐயாகிட்ட கேட்டாச்சா?" என்றால், "தலைவர் சொல்றதுதான்" என்று நானே சொல்லிவிடுவேன்.

சண்முகநதி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நொய்யல்கரை ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். டீச்சரம்மா பக்கம் இருந்து நான் இதை யோசிக்கவே இல்லை. லண்டன் அண்ணன் அந்தப் பொருளாளர் கதையைச் சொன்னதும் செயலாளர் ஞாபகம்தான் வந்தது, அவரோடு சம்பளப் பட்டியல், வேன் டீசல் தவிர வேறு எதையும் நான் பேசியதே இல்லை.

விடுதித் தலைவருக்குப் போன் போட்டேன். பொதுவான கொடையாளர் ஒருவர் இருக்கிறார், பழனியில் ஒரு வியாபாரி, இரண்டு இடத்துக்கும் அரிசி தருபவர். அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். பொருநை அம்மா, ஒரே ஒரு சந்தேகம்: செயற்குழுவில் அந்த ஒரு வரித் தீர்மானத்தை எப்படி எழுதினீர்கள்? "அதெல்லாம் எதுக்கு" என்று யாராவது கேட்டால்?

பொருநை:

எங்கள் புத்தகத்தில் இருப்பது இதுதான்: "தலைவர் தம் பொறுப்பைச் செம்மையாகச் செய்ய, வேறொரு அறக்கட்டளையின் தலைவருடன் மாதம் ஒருமுறை, பணியாளர், பயனாளர், கொடையாளர் விவரங்களைப் பகிராமல், கலந்துரையாடுவதைக் குழு அறிந்துகொண்டது. இதற்கு அறக்கட்டளையிலிருந்து செலவு இல்லை." பஸ் காசும் டிபன் காசும் என்னுடையது, அதனால்தான் கடைசி வரி.

எதுக்கு என்று எங்களிலும் ஒருத்தர் கேட்டார். "நான் தப்பு செய்தால் நீங்கள் யாரும் என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், அவர் சொல்கிறார்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு நிறைவேற்றினார்கள். இப்போது அந்தக் கேள்வி கேட்டவர்தான் என் முகத்துக்கு நேரே அதிகம் சொல்பவர்.

கொரட்டூர்த் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2021ல் 12ஏ என்கிற வரிவிலக்கு மறுபதிவு வாங்கியவர்களுக்கு 2026 மார்ச்சோடு ஐந்து வருஷம் முடிகிறது, ஆறு மாதம் முன்னதாக, அதாவது 2025 செப்டம்பர் 30க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதை எனக்கு ஞாபகப்படுத்தியது வல்லநாட்டு நண்பர்தான், ஆனால் அன்று மாலையே ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் நம்பினேன். உங்கள் சங்கத்துக்குப் போட்டாயிற்றா என்று நாளைக்கே விசாரியுங்கள்.

சண்முகநதி:

விசாரித்துவிட்டேன் அம்மா. செப்டம்பர் 18ஆம் தேதியே போட்டிருக்கிறார்கள். போட்டது செயலாளர்தான், யாரும் சொல்லாமலே, ராத்திரி பத்து மணி வரை ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து. எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. அந்த ஒப்புகைச் சீட்டை இன்று கோப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஞாயிறு காலை டீச்சரம்மா வீட்டுக்குப் போகிறேன். விடுதித் தலைவரோடு முதல் சந்திப்பு அடுத்த வியாழன், ஒட்டன்சத்திரத்தில். முதல் அரைமணி எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த வெள்ளைப் பக்கத்தில் இருந்து தொடங்கப் போகிறேன்.